எடை எவ்வளவு என்று ஒரு ஆள் கேட்கவில்லை

நேற்று ராத்திரி வாசல் லைட்டைப் போட்டுக்கொண்டு பைக்கின் முன் ஃபோர்க் இரண்டையும், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கி மேடு பள்ளத்தில் அமுங்கும் குழாய்க் கால்களை, கழற்றினேன். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, குழாயை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயில் எவ்வளவு கீழே நிற்கிறது என்று ஸ்டீல் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். இடது காலில் 158 மில்லிமீட்டர். வலது காலில் 117. ஸ்கேலைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை அளந்தேன். அதே 41 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே ஆள் ஊற்றிய ஆயில் இது. வலது காலில் ஏறத்தாழ 35 மில்லி கூடுதல். வயிறு எரிந்தது.

நான் கிருஷ்ணகிரிக்காரன். மாங்கூழ் ஆலைக்குத் தோத்தாபுரி காய் பார்த்துப் பேசி முடிப்பது என் வேலை. சீசன் வந்தால் சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், பர்கூர் என்று தினமும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுவேன். அதில் பாதி, தோப்புக்குள் போகும் மண் தடம். அதற்காகத்தான் கடன் வாங்கி ரோட்டிலும் மண்ணிலும் ஓடுகிற இந்த 200 சிசி டூயல் ஸ்போர்ட் வண்டியை எடுத்தேன். முன்னால் 21 இஞ்ச் சக்கரம், 190 மில்லிமீட்டர் டிராவல் (சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம்). பின்னால் 170. என் எடை 88 கிலோ. பை, தராசு, சாம்பிள் காய் எல்லாம் சேர்த்தால் நூறைத் தாண்டும். அந்த பாரத்துக்கு, பெயின்ட் அடிக்காத ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்பக்கம் அடிவரை அமுங்கி ‘டங்’ என்று முட்டும். மணிக்கட்டு வலி தாங்காமல்தான் கடைக்குப் போனேன்.

அங்கே என்ன நடந்தது? தண்ணீர் பாட்டிலை அறுத்துப் புனலாக்கி, கண்ணளவில் ஊற்றினார். “அளவு பாக்கலையாண்ணா?” என்றேன். “இருபது வருஷமா ஊத்தறேன் சார், கையே அளவு” என்றார். பின் ஷாக்கில் இருக்கிற நட்டைக் கடைசி மரை வரைக்கும் முறுக்கினார். “டைட் பண்ணிட்டேன், இனிமே கல்லு மாதிரி நிக்கும்.” 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். நான் எத்தனை கிலோ, என்ன பாரம் ஏற்றுகிறேன், எந்த ரோட்டில் ஓட்டுகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றே வாரம். காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு வேகத்தடையில் ஃபோர்க்கில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம், வலது பக்க ஆயில் சீல், பிதுங்கியது. ஆயில் வழிந்து பிரேக் டிஸ்க்கில் இறங்கியது. அடுத்த திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடிக்கிறேன், பிடிக்கவே இல்லை. எதிரே ஆட்டுக்குட்டிகளை ஓட்டிக்கொண்டு ஒரு பாட்டி. ரோட்டை விட்டு மண்ணில் இறக்கி நிறுத்தினேன். கொஞ்சம் பிசகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே பிடிக்கவில்லை.

ஃபோர்க்குக்குள் ஆயிலுக்கு மேலே இருக்கும் காற்று, இன்னொரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறையும்; ஃபோர்க் முழுக்க அமுங்கும் நேரத்தில் அழுத்தம் கண்டபடி ஏறும். அந்த அழுத்தம் போக வேறு வழியில்லாமல் சீலைத் தள்ளுகிறது. கம்பெனி கையேட்டில் இரண்டு காலுக்கும் ஒரே அளவுதான் போட்டிருக்கிறது. பத்து ரூபாய் சிரிஞ்சில் ஒரு டியூபை மாட்டி, வேண்டிய ஆழத்துக்கு அடையாளம் வைத்து, மிச்ச ஆயிலை உறிஞ்சினால் தீர்ந்தது வேலை. நான் அதைத்தான் நேற்று செய்தேன். ஒரு காலுக்கு ஐந்து நிமிடம் ஆனது.

சரி, அந்த ‘டைட்’ கதைக்கு வருகிறேன். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது ரத்தம் கொதிக்கிறது. நட்டை முறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகாது. ஒரு சென்டிமீட்டர் அமுங்க 50 கிலோ கேட்கிற ஸ்பிரிங், நட்டை எங்கே வைத்தாலும் அடுத்த சென்டிமீட்டருக்கு அதே 50 கிலோதான் கேட்கும். நட்டு செய்வதெல்லாம் வண்டி நிற்கும் உயரத்தை மாற்றுவதுதான். அதுக்குப் பெயர் ப்ரீலோட்.

கோபத்தில் வீட்டிலேயே அளந்தோம். தம்பி வண்டியைப் பிடித்துக்கொள்ள, என் மனைவி தையல் டேப்பை வைத்துப் பின் சக்கர அச்சிலிருந்து சீட்டு வரை அளவு சொன்னாள். சக்கரம் தரையைத் தொடாதபோது ஒரு அளவு, வண்டி தன் எடையில் நிற்கும்போது ஒன்று, நான் பையோடு ஏறி உட்கார்ந்தபோது ஒன்று. நான் உட்கார்ந்தால் பின்பக்கம் 54 மில்லிமீட்டர் இறங்கியது. டிராவலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, பார்க்கச் சரியான கணக்கு. ஆனால் ஆள் இல்லாமல் வண்டி இறங்கியது வெறும் 3 மில்லிமீட்டர்! ஸ்பிரிங் என் எடைக்கு மெலிது, அதை நட்டால் நெருக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால்தான் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்பக்கம் மேலே போய் ‘டக்’ என்று முட்டுகிறது. ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள் என் மனைவி. அவள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்ததை, இருபது வருஷ அனுபவம் கண்டுபிடிக்கவில்லை.

அப்புறம் ஆயில். இன்னொரு கடையில் “கெட்டி ஆயில் ஊத்துங்க, சரியாயிடும்” என்றார்கள். நம் வண்டிகளில் பெரும்பாலும் ஃபோர்க்குக்குள் இருப்பது சாதாரண ஓட்டை போட்ட கம்பி. ஆயில் அந்த ஓட்டை வழியாகத்தான் போய்வர வேண்டும். மெதுவாக அமுங்கினால் ஓட்டை தாராளம், பிரேக் பிடித்தால் வண்டியின் முன்பக்கம் அமுங்கி மூக்கு குத்துகிறது. கல்லில் சட்டென்று ஏறினால் அதே ஓட்டை அடைத்துக்கொண்ட மாதிரி இறுகுகிறது. வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. கெட்டி ஆயில் ஊற்றினால் மூக்கு குத்துவது கொஞ்சம் குறையும், கல்லில் கை இன்னும் அதிகமாக உடையும். சில கடைகளில் 20 டபிள்யூ 50 எஞ்சின் ஆயிலையே ஊற்றுகிறார்கள், அதை என் கண்ணால் பார்த்தேன். ஃபோர்க் ஆயில் என்றே கேட்டு வாங்கினாலும், கெட்டியைக் குறிக்க டப்பாவில் போடுகிற எண்ணை நம்ப முடியாது: ஒரு கம்பெனியின் 10 டபிள்யூவும் இன்னொரு கம்பெனியின் 10 டபிள்யூவும் ஒரே கெட்டி இல்லை. 40 டிகிரி சூட்டில் எத்தனை சென்டிஸ்டோக் (கெட்டியின் உண்மையான அளவு) என்று டப்பாவில் தேடினால் பாதிக்கு மேல் அச்சடிக்கவே இல்லை.

என் எடைக்கு வேண்டியது ஸ்பிரிங். அதைத்தான் எங்கேயும் வாங்க முடியவில்லை. 50 கிலோமீட்டரில் ஓசூர். மோட்டார் சைக்கிளும் லாரியும் தினமும் உருவாகி வெளியே வருகிற ஊர். சிப்காட் முழுக்க உதிரிபாகப் பட்டறைகள். அந்த ஊரில் நான்கு கடை ஏறி இறங்கினேன். “ஸ்பிரிங் தனியா வராது சார், செட்டா மாத்திக்கோங்க” என்றார்கள். மாற்றினாலும் அதே மெலிந்த ஸ்பிரிங்தானே வரும்? கம்பியின் தடிமன் 4 மில்லிமீட்டரிலிருந்து 4.2 ஆனால், மற்ற அளவெல்லாம் மாறாமல் இருந்தால், ஸ்பிரிங் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விறைப்பாகும். வெறும் 0.2 மில்லிமீட்டர்! அதைச் சுற்றித் தர இவ்வளவு பெரிய ஊரில் ஆள் இல்லை. ஒருத்தர், இருக்கிற ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை அறுத்துவிட்டு பிவிசி பைப் வைத்துத் தருகிறேன் என்றார். அறுத்தால் விறைப்பு கூடும்தான், ஆனால் மிச்சமிருக்கிற சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும் வரைக்கும் அமுங்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். பதில் இல்லை.

டியூனிங் என்ற பெயரில் சைலன்சரைத் திறந்துவிட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சத்தத்துக்குக் கடை தெருவுக்குத் தெரு உண்டு. சக்கரம் தரையோடு ஒட்டி ஓடுவதற்குக் கடை இல்லை.

இப்போது சீல் மாற்றி, இரண்டு காலிலும் ஒரே அளவு ஆயில் வைத்து, ஃபோர்க்கை நான்கு தடவை அமுக்கி எடுத்த பிறகே அச்சுப் பிடிப்பு போல்ட்டை முறுக்கினேன். காலையில் சந்தூர் வரை போய்வந்தேன். வண்டி நேராகப் போகிறது, கோணல் போய்விட்டது. ஆனால் வேகத்தடையில் இன்னும் அதே ‘டங்’. ஸ்பிரிங் வேண்டும். என் எடை 88 கிலோ, பையோடு நூறு. யாராவது எடை கேட்டு, கம்பி அளவு சொல்லி விற்கிறீர்கள் என்றால் கடை பெயரைக் கீழே போடுங்கள், எந்த ஊரானாலும் நாளைக்கே கிளம்புகிறேன்.