குளோரின் கடைசிக் கட்டம்தான்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் மட்டும்தான் கலக்கிறார்கள், சாக்கடை அப்படியே நம் கன்னியாகுமரி மாவட்டப் பழையாற்றுக்குப் போய்விடும் என்று இங்கே ஒரு தகவல் பகிரப்படுகிறது. ஆற்றின் மேல் உள்ள அக்கறை புரிகிறது, எனக்கும் அதே கவலை உண்டு. ஆனால் தகவல் சரியல்ல.

குளோரின் கடைசிக் கட்டம். பெரிய வேலையைச் செய்பவை பாக்டீரியாக்கள். தொட்டிக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் அவை கழிவைத் தின்று கசடாகத் திரளும். அந்தத் தண்ணீரை ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால், பழுப்புக் கசடு அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். நிலையங்களில் வழக்கமாகச் செய்யும் சோதனைதான் இது. இதே வேலை ஆற்றுக்குள் நடந்தால் பாக்டீரியா ஆற்றின் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகம் வரை மீனுக்கு மூச்சு முட்டும்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? பி.ஓ.டி., அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவைக் கேளுங்கள். 2017 மத்திய அரசு விதிப்படி, பெருநகரங்கள் அல்லாத ஊர்களில் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் அது லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். உள்ளே வரும் நீர், வெளியே போகும் நீர் இரண்டின் பி.ஓ.டி. அளவையும் சேர்த்தே கேளுங்கள்.