கொப்பிக் கடையில கிடக்கிற எங்கட விவரம்

நேற்று யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட, அம்மான்ர அடையாள அட்டையைப் பிரின்ற் எடுக்கப் போனன். "வட்சப்பில அனுப்புங்கோ அக்கா" எண்டார் கடைத் தம்பி. அனுப்பீற்றுத் திரையைப் பார்த்தால் நெஞ்சு பதறுது. ஆரோ ஒரு பிள்ளையின்ர பிறப்புப் பத்திரம், ஒருத்தற்ற வங்கிப் புத்தகம், பாஸ்போட், எல்லாம் திறந்தபடி கிடக்கு.

"அழிச்சுவிடும் தம்பி."

"பிறகு அழிப்பம் அக்கா."

விடேல்லை. நிண்டு, கண்ணுக்கு முன்னால அழிப்பிச்சுப் போட்டுத்தான் வந்தனான். மற்றச் சனத்தின்ர அப்பிடியே கிடக்கு!

12 இலக்க அட்டையில முதல் நாலும் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் அந்த வருசத்தில எத்தினையாவது நாள் எண்டது; பெண்ணெண்டால் அதில 500 கூட்டியிருக்கும். அவ்வளவும் அந்த ஒரு நம்பரிலயே கிடக்கு. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கச் சட்டம் 2022இலேயே வந்திட்டுது. அந்தக் கடைக்கு ஆர் போய்ச் சொல்லுறது?