அந்தப் படம் வந்தபோது அவர் இன்னும் பேரரசர்தான்

லண்டனின் ‘வேனிட்டி ஃபேர்’ இதழில் வந்த, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் கேலிச்சித்திரம், பிரஷ்யாவுடனான செடான் போரில் தோற்று அரியணை இழந்தவரைக் கிண்டலடித்து வரைந்தது என்று இங்கே பலர் பகிர்கிறார்கள். படம் அசல்தான், சொல்லப்படும் காலம்தான் சரியில்லை. அது வெளியான நாள் 1869 செப்டம்பர் 4. அவர் செடானில் சரணடைந்தது 1870 செப்டம்பர் 2, பாரிசில் குடியரசு அறிவிக்கப்பட்டது செப்டம்பர் 4. சரியாக ஓராண்டு இடைவெளி! தேதியும் மாதமும் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வந்திருக்கலாம்.

சரிபார்ப்பது எளிது. லண்டன் தேசிய உருவப்பட அரங்கின் இணையத் தொகுப்பில் மன்னரின் பெயரைத் தேடினால் வெளியான தேதி கிடைக்கும். வரைந்தவர் ஜேம்ஸ் டிசோ, ‘கொய்தே’ என்ற புனைபெயரில். அப்புறம், படத்தின் கீழே உள்ள பிரெஞ்சு வாசகத்தையும் பாருங்கள்: ‘நாடாளுமன்ற ஆட்சிமுறை’ என்று பொருள். 1869 கோடையில் அவர் நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம் தருவதாக அறிவித்திருந்தார். கிண்டல் அதைப் பற்றியது. பதவி பறிபோன ஆட்சியாளர்தான் வேண்டுமென்றால், 1869 செப்டம்பர் 18-ஆம் தேதி இதழில் ஸ்பெயின் அரசி இரண்டாம் இசபெல்லா இருக்கிறார்; அவர் 1868-லேயே நாட்டை விட்டுப் போனவர்.