நூக்சியோ காட்டில் குழிப்பணியாரம்

பொங்கல் விடுமுறைக்குத் தேவகோட்டைக்கு வந்திருக்கிறேன். இன்னும் நான்கு நாட்களில் ஃபின்லாந்துக்குத் திரும்ப வேண்டும். கல்பாசி எவ்வளவு, மராட்டி மொக்கு எவ்வளவு, கவுனி என்ற கறுப்பரிசி எத்தனை படி என்று வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் காலையிலிருந்து பேச்சு நடக்கிறது. இதற்கிடையே, முதன்முறையாக வெளிநாட்டு வேலைக்குப் போகவிருக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி வந்து, "அங்க எப்படிக்கா பொழுது போகும்?" என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைப் புறப்படக் காத்திருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

கடல் கடந்து போவது இந்தச் செட்டிநாட்டுச் சீமைக்குப் புதிதன்று. ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கிகள் எனப்படும் தொழிற்கூடங்களில் தங்கி, மூன்று ஆண்டுக் கணக்குக்குப் போய், கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். குடும்பத்தை விட்டுப் பிரிந்து, ஒரே கூடத்தில் பெட்டியடியும் படுக்கையுமாக அவர்கள் காலம் கழித்ததால்தான் இங்கே தேக்குத் தூண்கள் நிற்கின்றன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளிநாடு என்றால் பிழைக்கப் போன இடம், வாழ்வது ஊருக்குத் திரும்பிய பிறகு என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. எனக்கும் இருந்தது.

ஃபின்லாந்தின் எஸ்போ நகரில் என் முதல் இரண்டு ஆண்டுகளை அந்த எண்ணம்தான் தின்றது. அலுவலகம், அறை, கைப்பேசியில் ஊர்ப் பேச்சு என்றே நாட்கள் போயின. ஆறு மணி நேரம்கூட நீடிக்காத டிசம்பர்ப் பகலில், கதவைச் சாத்திக்கொண்டு குழம்பு வைத்துத் தனியே சாப்பிடுவேன். ஆத்தாவின் கைப்பக்குவம் ஏறக்குறைய வந்துவிட்ட நாட்களில்தான் அழுகை அதிகம் வந்தது. வீட்டுச் சமையல் ஏக்கத்தைத் தீர்க்கும் என்பார்கள். தனியே உண்ணும்போது அது ஏக்கத்தை வளர்க்கவே செய்கிறது என்பது என் அனுபவம்.

மாற்றம் ஒரு துடைப்பத்தோடு தொடங்கியது. அங்கே வசந்தம் வந்ததும் ஒரே குடியிருப்பில் இருப்பவர்கள் எல்லோரும் கூடி முற்றத்தைச் சுத்தம் செய்வார்கள். கூலி கிடையாது, வேலை முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுவார்கள். இதை 'தல்கோத்' என்கிறார்கள். ஊருணியைத் தூர்வார ஊரே கூடுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. என் பக்கத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தவர் எழுபது வயதைக் கடந்த பெண்மணி. அந்த நாட்டில் பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரிய பெண்களை எப்படி அழைப்போம் என்று அவருக்கு விளக்கினேன். அன்றிலிருந்து அவர் எனக்கு ஆச்சி.

ஆச்சிதான் எனக்கு மொழியையும் கற்றுக்கொடுத்தார். ஃபின்னிய மொழியில் 'துலி' என்றால் நெருப்பு, 'தூலி' என்றால் காற்று, 'துல்லி' என்றால் சுங்கம். மற்ற நாட்டு நண்பர்கள் தடுமாறும் இந்தக் குறிலும் நெடிலும் இரட்டிப்பும் தமிழ்க் காதுக்கு எவ்வளவு எளிது! மூன்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டியபோது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என்னை முதலில் அழைத்துப்போன இடம் நூக்சியோ. 1994ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு அது. எஸ்போவிலிருந்து பேருந்திலேயே போய்விடலாம். அந்த நாட்டில் காடு யாருடையதாக இருந்தாலும், வீட்டு முற்றத்தையும் பயிரையும் மிதிக்காமல் நடந்து போகவும், காட்டுப் பழங்களையும் காளான்களையும் பறிக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. நேற்று வந்து இறங்கிய எனக்கும் அதே உரிமைதான். இதைக் கேட்டபோது என் நெஞ்சு இளகியதை மறைக்க விரும்பவில்லை.

ஜூலைக் கடைசியில் 'முஸ்திக்கா' பழுக்கும். கடையில் விற்கும் தோட்டத்து ப்ளூபெர்ரியின் உள்ளே வெளுப்பாக இருக்கும். இந்தக் காட்டுப் பழமோ உள்ளும் புறமும் கருநீலம். கை நிறைய அள்ளித் தின்றுவிட்டு ஆச்சி நாக்கை நீட்டிக் காட்டினார். நாவல் மரத்தடியில் நின்ற பள்ளிக்கூட நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

அடுத்த முறை ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த இரும்புப் பணியாரச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். குளிர் வீட்டில் மாவு புளிக்காது. 'ஓவன்' எனப்படும் அடுப்புப் பெட்டியின் விளக்கை மட்டும் எரியவிட்டு, இரவு முழுவதும் மாவை அதற்குள் வைத்துப் புளிக்கவைத்தேன். நெருப்பு மூட்ட ஒதுக்கிய இடங்களில் மட்டுமே அங்கே தீ வளர்க்கலாம். காட்டுத்தீ எச்சரிக்கை இருந்தால் அதுவும் கூடாது. அன்று எச்சரிக்கை இல்லை. ஈரத்திலும் பற்றிக்கொள்ளும் பிர்ச் மரப்பட்டையால் ஆச்சி தீ மூட்டினார். குழிதோறும் நல்லெண்ணெய் விட்டு, வெல்லம் கரைத்த மாவை ஊற்றி, இரண்டு மூன்று பழங்களை மேலே போட்டேன். கம்பியால் திருப்பியபோது பழம் வெடித்து, வெல்லப்பாகோடு சேர்ந்து விளிம்பெல்லாம் கத்திரிப்பூ நிறத்தில் நுரைத்தது. அடுத்த கல்லில் உட்கார்ந்திருந்த முன்பின் அறியாத குடும்பத்துப் பிள்ளைகள் மெல்ல நெருங்கி வந்தார்கள். இரண்டாம் ஈடு அவர்களுக்குப் போயிற்று. அந்தக் குடும்பமும் இன்று எங்கள் நட்பு வட்டத்தில் இருக்கிறது.

நம்மவர்கள் கூடி உண்பதும் வேண்டும், நானும் தவறாமல் போகிறேன். ஆனால் அங்கே மட்டுமே நம் சோறு பரிமாறப்பட்டால், நாம் இருக்கும் மண் நம்மை அறியாமலே போய்விடும். பர்மாவுக்குப் போனவர்கள் கிட்டங்கிக்குள்ளேயே முடங்கிவிட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. நம் திருமண விருந்தில் இனிப்பாக வைக்கும் கவுனி அரிசி அவர்கள் வழியாகப் பர்மாவிலிருந்து வந்ததுதானே. அந்த மண்ணின் உணவு அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது. ஃபின்லாந்தின் 'புல்லா' என்ற ரொட்டியில் ஏலக்காய் போடுவார்கள். ஆச்சியின் வீட்டில் அது வேகும் வாசனை வரும்போதெல்லாம் நான் எங்கள் வீட்டு வளவில் நிற்பது போலவே உணர்கிறேன்.

ஒரு நாள் அவர் கேட்டார்: "உன் ஊரில் நீ எந்தக் காட்டுக்குப் போவாய்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பாரியின் பறம்பு என்று போற்றப்படும் பிரான்மலையை நான் பேருந்து சன்னலில் மட்டுமே பார்த்திருந்தேன். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி இவ்வளவு அருகில் இருந்தும் போனதில்லை. இந்த விடுமுறையில் இரண்டுக்கும் போனேன். கொள்ளுக்குடிப்பட்டியை ஒட்டிய வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயக் கண்மாயில் நத்தைகுத்தி நாரைகள் நின்ற படத்தை அங்கிருந்தே ஆச்சிக்கு அனுப்பினேன்.

நூக்சியோ படங்களை இன்று அப்பத்தாவிடம் காட்டினேன். "காட்டுக்குள்ளயா பணியாரம் சுட்ட? அந்த அம்மாவுக்குக் கவுனி அரிசி குடுத்தியாத்தா?" என்றார். இல்லை என்றேன். எழுந்து போய், பெட்டியில் இருந்த மிளகாய் வற்றலை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு படி கவுனி அரிசியை வைத்தார்.