பர்கரை விட வாடகைதான் பெரிது

மெக்டொனால்ட்ஸ் பர்கர் விற்றே இவ்வளவு பெரிதாகிவிட்டது என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. உலகம் முழுக்க அதன் கடைகளில் சுமார் 95 சதவீதம் ஃபிரான்சைஸ் (அந்தப் பெயரில் கடை நடத்தும் உரிமை) எடுத்தவர்கள் நடத்துபவை. பர்கர் விற்பது அவர்கள் பாடு. நிறுவனத்துக்கு முக்கிய வரவு வாடகையும், பெயரைப் பயன்படுத்துவதற்காகக் கடைக்காரர் கட்டும் ராயல்டியும்தான். 1955-இல், மெக்டொனால்ட்ஸை வளர்த்தெடுத்த ரே கிராக் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தன் முதல் கடையைத் திறந்த காலத்தில் ராயல்டி மட்டும் கட்டுப்படியாகவில்லை. அவரிடம் நிதி விவகாரங்களைக் கவனித்த ஹாரி சோன்போர்ன் என்பவர்தான் வழி காட்டினார். இடத்தை நாமே குத்தகைக்கு எடுத்து அல்லது விலைக்கு வாங்கி, கடை நடத்துபவருக்குக் கூடுதல் வாடகைக்கு விடுவோம் என்றார். 1956-இல் அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள்.

இதில் இன்னொரு சூட்சுமம், ராயல்டி மொத்த விற்பனையின் மீது கணக்கிடப்படுகிறது, லாபத்தின் மீது அல்ல. எண்ணெய் விலையும் சம்பளமும் ஏறிக் கடைக்காரருக்குக் கையைக் கடித்தாலும் தலைமை நிறுவனத்துக்குச் சேரவேண்டியது சேர்ந்துவிடும். தள்ளுபடி போட்டுக் கூட்டம் சேர்த்தாலும் அதே கதைதான். அப்புறம், கடை நிற்கும் இடமே அவர்கள் கையில் இருக்கும்போது ஒப்பந்தத்தில் முரண்டு பிடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்?