அந்த இரும்புத் தாங்கி பிணத்துக்கு அல்ல

இங்கிலாந்தின் உள்ளூர் அருங்காட்சியகங்களில் தொங்கும் விக்டோரியா காலக் குடும்பப் படங்களில், காலணிக்குப் பின்னால் இரும்புத் தாங்கியின் அடி தெரிந்தால் அங்கே நிற்பவர் பிணம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. உயிரோடு இருப்பவரின் தலை ஆடாமலிருக்கப் பிடரியில் லேசாக முட்டுக்கொடுக்கும் கவை அது. அன்றைய கேமராவுக்குப் பல நொடிகள் அசையாமல் நிற்க வேண்டும்; கொஞ்சம் அசைந்தாலும் முகம் கலங்கிவிடும். பிணத்தின் கனத்தை அது தாங்கவே தாங்காது. இறந்தவர்களைப் படமெடுத்தது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் கட்டிலில், சவப்பெட்டியில், குழந்தை என்றால் தாய் மடியில். அப்புறம், கண் வெளிறித் தெரிந்தால் பிணம் என்கிறார்களே, அது? 1851-இல் வந்த, கொலோடியன் என்ற பசைக் கரைசல் பூசிய படத் தகட்டில் நீல நிறம் வெளிறித்தான் பதியும். நீலக் கண்காரர்கள் பாவம், உயிரோடு இருக்கும்போதே படத்தில் பேய் மாதிரி விழுந்திருக்கிறார்கள்!