பழைய சக் புது லேத்தில் ஏறவில்லை
புது லேத்தை, அதாவது மரம் கடையும் இயந்திரத்தை, இறக்கி, மட்டம் பார்த்து, ஆட்டமில்லாமல் நிறுத்தவே ஒரு நாள் போனது, அது பரவாயில்லை. ஆனால் ஆசையாக, மரத்தைக் கவ்விப் பிடிக்கும் பழைய நாலு தாடை சக்கை எடுத்து மாட்டினால் ஏறவே இல்லை! அதன் மரை 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 புரி. சக் ஏற வேண்டிய புது ஸ்பிண்டிலோ (சுழலும் தண்டு) 33 மில்லிமீட்டர், புரிக்குப் புரி இடைவெளி 3.5 மில்லிமீட்டர். சரி, இரண்டையும் இணைக்க நடுவில் அடாப்டர் போடலாம்தான், ஆனால் போட்டால் சக் பேரிங்கை விட்டு இன்னும் வெளியே தள்ளி நிற்கும், கனமான கிண்ணம் கடையும்போது அதிர்வு கூடும். மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கிலும் இதே தலைவலி: அதில் செருக என்னிடம் இருக்கும் சென்டர்கள் (கூர்முனைகள்) எல்லாம் 1-ஆம் எண் மோர்ஸ் டேப்பர் (கூம்புத் தண்டின் அளவு), இது 2-ஆம் எண், இடைவெளியை நிரப்பும் ஸ்லீவ் இல்லாமல் நிற்காது. அப்புறம் உளியைத் தாங்கும் என் பழைய டூல் ரெஸ்ட், அதன் தண்டும் புது லேத்தின் துளையை விடப் பருமன். வருஷக்கணக்காகச் சேர்த்த சாமான்கள். மரை அளவையும் டேப்பர் எண்ணையும் பெட்டி மேலேயே பெரிதாக அச்சடிக்க லேத் செய்கிறவர்களுக்கு என்ன கஷ்டம்?